‘எனக்கும் அந்த ஜீன் இருக்குமோ?’

இந்த மாதம் எச்.ஐ.வி. பற்றி வந்த கடிதங்களில் பாதி, மரபணுவைப் பற்றித்தான்.

அம்பாசமுத்திரம் வாசகி: எங்க வீட்டுக்காரருக்கு ஆறு வருசமா எச்.ஐ.வி. இருக்கு. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில மாத்திரை வாங்குதாவ. எனக்கு எப்பப் பாத்தாலும் ‘இல்லை’ன்னுதான் வருது. சில பேருக்குப் பிறவியிலேயே தடுக்கிற ஜீன் உண்டாமே, எனக்கும் இருக்குமோ?

இருக்க வாய்ப்பு மிகக் குறைவு அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது சிசிஆர்5 ஜீன். வைரஸ் வெள்ளையணுவுக்குள் நுழைய, அணுவின் மேலிருக்கும் சிடி4 என்ற புரதம் மட்டும் போதாது. பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இன்னொரு புரதத்தையும் பற்றியாக வேண்டும். அந்த ஜீனில் 32 எழுத்துகள் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள் என்று 1996இல் தெரியவந்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அப்படியே வந்திருந்தால் அந்தப் புரதம் அணுவின் மேலே தலைகாட்டாது. வட ஐரோப்பியர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் இப்படி. நம்மவர்களிடம் அநேகமாகக் கிடையாது. அப்படி ஜீன் விடுபட்டவர்களிலும் சிலரை சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தின் வழியே நுழையும் வைரஸ் பிடித்திருக்கிறது.

உங்களுக்குக் காவல், அவர் தவறாமல் போடும் மாத்திரை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவிலேயே இருந்துவந்தால் உடலுறவு மூலம் பரவாது. அவருடைய கடைசி வைரல் லோடு சீட்டை எடுத்துப் பாருங்கள். அது அப்படி இல்லையென்றால் ஆணுறை கட்டாயம். ஜீன் பரிசோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நம்பிக்கை மையம் என்ற அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் உங்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்களே, அதை விடாதீர்கள்.

முக்கூடல் வாசகி: எங்க தெருவுல ஒருத்தர் மருந்தே இல்லாம பத்து வருசம் நல்லாத்தான் இருந்தார். என் தம்பி நாலே வருசத்துல 2001ல போய்ட்டான். ஏன் இப்படி?

பீடிக்கடையில் கட்டைப் பிரித்து நாலு பீடியை எடுத்துப் பார்ப்பார்களே, நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் அணுவும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துண்டுகளை வெளியே நீட்டிக் காட்டும். டி அணுக்கள் என்ற காவல் வெள்ளையணுக்கள் சோதித்துவிட்டுப் போகும். நீட்டுகிற கைதான் எச்எல்ஏ. எந்தத் துண்டை நீட்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எச்எல்ஏவில் பி57, பி27 வகைக்காரர்களுக்கு, வைரஸ் லேசில் மாற்ற முடியாத துண்டு மாட்டுகிறது. மாற்றினால் வைரஸே நொண்டும். பி35இன் சில வகைகளில் நோய் வேகமாக முற்றும். ஆனாலும் பி57 இருந்தும் முற்றியவர்கள் உண்டு. மருந்தில்லாமலே வைரஸை அடக்கி வைப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்.

அரசின் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான். தம்பியின் மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை அம்மா.

சங்கரன்கோவில் வாசகர்: முதுகுவலிக்குப் பார்த்ததில் எச்எல்ஏ பி27 பாசிட்டிவ். அப்படியானால் எனக்கு எச்.ஐ.வி. வராதா?

வரலாம். பி27 கதவை அடைக்காது தம்பி. வந்தபின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். முதுகை வாதநோய் நிபுணரிடம் காட்டுங்கள்.

வள்ளியூர் வாசகர்: எங்க அக்கா மகனுக்கு அபகாவிர்ங்கிற எச்.ஐ.வி. மருந்து தொடங்கும் முன் ஜீன் பரிசோதனை கேட்கிறார்கள். காசு பிடுங்கவா?

இதை மட்டும் மறுக்காதீர்கள். மேலே சொன்ன பி57இன் ஒரு கிளையான பி*57:01 இருப்பவர்களில் பலருக்கு அபகாவிர் ஒத்துக்கொள்ளாது. பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, வாந்தி என்று காட்டும். ‘சாதாரணக் காய்ச்சல்தானே’ என்று இருந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். ஒவ்வாமை என்று நிறுத்தியபின் அதே மருந்தை மறுபடி கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஆகிவிட்டால் பையனின் சிகிச்சை அட்டையில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.