பிளாட்டானா தவளை: கேளுங்கள், சொல்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வுக்கூடத் தவளைத் தொட்டிகளைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் நான். கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணா, அந்தக் காலத்தில் தவளையை வைத்துக் கர்ப்பம் பார்த்தார்கள் என்கிறார் பாட்டி. நிஜமா?

பதில்: நிஜம்தான். அதுவும் நம் குட்டைகளில் கிடக்கும் பிளாட்டானாவை, அதாவது ஆப்பிரிக்க நகத் தவளையை வைத்து. 1930 வாக்கில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் லான்சலாட் ஹாக்பென் என்ற விலங்கியலாளர், மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைத் தவளைக்கு ஊசி போட்டார். பெண் தவளை முட்டையிட்டது. பிறகு அங்கேயே ஷாபிரோவும் ஸ்வாரென்ஸ்டைனும் கர்ப்பிணிகளின் சிறுநீரைப் போட்டுப் பார்த்தார்கள். அதிலுள்ள, கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் வேலை செய்து, மறுநாள் காலைக்குள் தொட்டியடியில் கடுகளவு முட்டைகள், பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக. எலியையும் முயலையும் கொன்று அறுத்துப் பார்த்த காலம் அது. தவளையோ பிழைத்தது, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): இப்போதும் எதற்குத் தவளை? எலி போதாதா?

பதில்: முட்டைக்காகத்தான். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் ஊசி குத்த வாகானது. கரு வளர்வதும் தாய்க்கு வெளியே, நம் கண்ணெதிரே. குடல் செல்லின் உட்கருவை முட்டையில் வைத்துத் தவளை வளர்த்த ஜான் கர்டனுக்கு 2012இல் நோபல் பரிசு. அவர் பயன்படுத்தியதும் இதே பிளாட்டானாதான்.

கேள்வி (டோங்காட்): என் தவளை நாலு நாளாகச் சாப்பிடவில்லை.

பதில்: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேண்டாமென்று குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (வெருலம்): வீட்டிலேயே தவளையை வைத்துக் கர்ப்பம் பார்க்கலாமா?

பதில்: ஐயோ. மருந்துக்கடைக் குச்சியும் அதே எச்.சி.ஜி.யைத்தான் தேடுகிறது. அதை வாங்குங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): உலகத் தவளைகளைக் கொல்லும் பூஞ்சையை நாம் ஏற்றுமதி செய்த பிளாட்டானாதானே பரப்பியது?

பதில்: 1938இல் பிடித்துப் பதப்படுத்திய ஒரு பிளாட்டானாவில் அந்தப் பூஞ்சை இருந்ததாக 2004இல் எழுதினார்கள். அதிலிருந்துதான் இந்தச் சந்தேகம். 2018இல் வந்த மரபணு ஆய்வோ பூஞ்சையின் பிறப்பிடமாகக் கொரியத் தீபகற்பத்தைக் காட்டுகிறது.

அதே நபர்: அப்படியானால் நம் மேல் தப்பில்லை, சரியா?

பதில்: அவசரப்படாதீர்கள். பூஞ்சை எங்கே பிறந்தாலும், சாகாமல் அதைச் சுமக்கக்கூடியது பிளாட்டானா. தப்பிப்போனவையும் அவிழ்த்துவிட்டவையும் கலிஃபோர்னியாவிலும் சிலியிலும் பிரான்சிலும் பெருகிக் கிடக்கின்றன. இங்கே கேப் பகுதியில், அருகிவரும் கேப் பிளாட்டானாவோடு இணைந்து கலப்பினமும் உண்டாக்குகின்றன. தப்பு தவளைமேல் இல்லை, வாளியைக் கவிழ்த்தவன்மேல்.

கேள்வி (ஸ்டேங்கர்): தூண்டிலுக்குப் போட்டு மிச்சமான பிளாட்டானாவை அணையில் விடலாமா, அங்கிள்?

பதில்: மேலே படித்தீர்களா, தம்பி?