மைட்ரல் வால்வைச் சீரமைப்பது: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், கசிவு கடுமை என்கிறார்கள். எனக்கோ மூச்சிரைப்பே இல்லை. ஆபரேஷன் அவசியமா?

மூச்சிரைக்கட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கசியும் இந்த வால்வு வழியாக ரத்தத்தின் ஒரு பங்கு சிரமமில்லாமல் மேலறைக்குத் திரும்பிவிடுவதால், இடது கீழறை தளர்ந்த பிறகும் ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) நன்றாக இருப்பதுபோலவே தெரியும். வால்வின் இதழோ, அதைக் கீழே பிடித்திருக்கும் கயிறு போன்ற நாணோ பழுதான கசிவில் ஈ.எஃப். 60 சதவீதத்துக்கு இறங்கினாலோ, சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 40 மி.மீ. தொட்டாலோ, அறிகுறி இல்லாவிட்டாலும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: பின் இதழின் நாண் அறுந்திருக்கிறது. வெட்டித் தைப்பதா, செயற்கை நாணா?

இரண்டும் நல்ல முறைகள். பிதுங்கிய பகுதியை முக்கோணமாக வெட்டி விளிம்புகளைச் சேர்ப்பது ஒன்று. கீழறைக்குள் நாண்கள் முளைக்கும் பாப்பிலரி தசையிலிருந்து இதழ் விளிம்புக்கு கோர்-டெக்ஸ் (Gore-Tex) என்ற செயற்கை நூல் கட்டுவது மற்றொன்று. நூலில் கஷ்டம் நீளம்தான்: நீண்டால் இதழ் மறுபடி பிதுங்கும், குறைந்தால் கீழே இழுபட்டு மூடாது. அந்த நூல் வழுக்கும். முடிச்சு சறுக்கினால் நீளம் குறைந்துவிடும். அதனால் கீழறையில் உப்புநீர் நிரப்பி, இதழ்கள் பொருந்துவதைப் பார்த்தபின்தான் இறுக்க வேண்டும்.

எந்த முறையானாலும் வால்வின் வாயைச் சுற்றித் தைக்கும் வளையம் வேண்டும். முன் இதழை அளந்து வளையத்தின் அளவைத் தேர்ந்தெடுப்பார்கள். தையல் ஆழமாகப் போனால் பின்பக்கம் இதயத்துக்கே ரத்தம் தரும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: வெட்டுவது பழைய முறை, நாண்தான் சரி. ஏன் மழுப்புகிறீர்கள்?

மழுப்பவில்லை. பிரெஞ்சு இதய அறுவை நிபுணர் கார்ப்பென்டியர் 1983-இல் முன்வைத்த அடிப்படை இன்றும் நிற்கிறது: இதழ் தாராளமாக அசைய வேண்டும், விரிந்து பொருந்த வேண்டும், வளையம் நிலைக்க வேண்டும். பின் இதழ் 20 மி.மீ. உயரம் இருக்கும்போது, உயரத்தைக் குறைக்காமல் நீளமான நாண் மட்டும் கட்டினால், இதழ்கள் சேரும் கோடு முன்னே தள்ளப்படும். முன் இதழ் பெருந்தமனிக்குப் போகும் பாதையை அடைக்கும். அங்கே உயரத்தைக் குறைக்கிறோம், இல்லையேல் நாணைக் குட்டையாகக் கட்டிப் பின்னிழுக்கிறோம்.

கேள்வி: அப்படி அடைத்துவிட்டால் மறுபடி திறப்பீர்களா?

உடனே இல்லை. திரவம் ஏற்றி, இதயத்தை முடுக்கும் மருந்தை நிறுத்தி, ரத்த அழுத்தத்தை உயர்த்தி, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் உணவுக்குழாய் வழி எக்கோவில் மிதமான கசிவு மிச்சமிருந்தால் மேஜையிலேயே திரும்பச் சரிசெய்ய வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று நெஞ்சை மூடக் கூடாது. இதழ்கள் 8 மி.மீ. உயரத்துக்கு ஒட்டியிருந்தால் எனக்கு நிம்மதி.

கேள்வி: ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வையும் இப்படிச் சரிசெய்யலாமா?

சிலரில் முடியும். இதழ் தடித்துச் சுருங்கியிருந்தால் நீடிக்காது, மாற்றுவதே மேல். எது செய்தாலும், அந்தக் காய்ச்சல் திரும்பாமல் தடுக்கும் பென்சிலின் ஊசியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: உலோக வால்வு வைத்தவர் புதிய ரத்த மெலிவு மாத்திரை எடுக்கலாமா?

கூடாது. வார்ஃபரின் மட்டும்.

கேள்வி: வளையம் வைத்தபின் பல் பிடுங்கலாமா?

பிடுங்கலாம். வால்வில் கிருமி தொற்றாமலிருக்க 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: பல் சுத்தம் செய்யவும் மாத்திரை வேண்டுமா?

மேலே சொன்னதுதான். ஈறு கிழியும் எந்த வேலைக்கும் வேண்டும்.

கேள்வி: எக்கோ ரிப்போர்ட் அனுப்பினால் பார்ப்பீர்களா?

எழுத்தைப் பார்த்து வால்வைச் சொல்ல முடியாது. அசையும் படத்தோடு அறுவை நிபுணரிடம் போங்கள்.

கேள்வி: வளையம் வைத்த அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் வாங்கலாமா?

வாங்காதீர்கள். வால்வில் கிருமி தொற்றியிருக்கலாம்; ஒரு மாத்திரை போட்டாலும் அது கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராமல் போகலாம். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மருந்துக்கு முன் ரத்தக் கல்ச்சர் மூன்று செட் எடுக்கச் சொல்லுங்கள்.