தேநீரின் சேர்மங்கள் உடலுக்குள் போய் என்ன ஆகின்றன?

தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் அப்படியே ரத்தத்தில் கலந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, மிகச் சிறிய பங்குதான் அப்படிப் போகிறது.

வேலை வாயிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மடக்கு குடித்ததும் நாக்கு துவர்க்கிறதே, அந்தச் சேர்மங்கள் உமிழ்நீர்ப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வருவது அது.

சிறுகுடலில், பாலிஃபீனால்களில் ஒரு வகையான கேட்டசின்கள் கொஞ்சம் உறிஞ்சப்படும். குடல் சுவரும் கல்லீரலும் அவற்றைச் சும்மா விடுவதில்லை. குளுக்குரோனிக் அமிலம், சல்ஃபேட், மெத்தில் என்று ஏதாவது ஒரு வேதித் துண்டை ஒட்டி, வெளியேற்றத் தயார்படுத்திவிடும்.

மிச்சமெல்லாம் பெருங்குடலுக்கு. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அங்குள்ள பாக்டீரியாக்கள் கேட்டசினின் வளையத்தை உடைத்து வேலரோலாக்டோன்கள் என்ற சிறிய மூலக்கூறுகளாக்கி, அப்புறம் இன்னும் சிறிய ஃபீனாலிக் அமிலங்களாக நறுக்குகின்றன. அவை ரத்தத்துக்குள் வந்து, ஒரு பகுதி ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் போகிறது. குடித்துப் பல மணி நேரம் கழித்துத்தான் இதெல்லாம் நடக்கும். கருந்தேநீருக்கு நிறம் தரும் தியாருபிகின்கள் பெரிய மூலக்கூறுகள் என்பதால் பெரும்பாலும் இந்த வழிதான். குடல் பாக்டீரியா ஆளுக்கு ஆள் மாறுபடும்; ஒரே தேநீரைக் குடித்தாலும் உருவாகும் பொருள்களின் அளவும் மாறும்.

சரி, காஃபீன்? அது முக்கால் மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். கல்லீரல் நொதி ஒன்று அதில் சுமார் 80 சதவீதத்தைப் பாராசாந்தைன் என்ற வேறொரு சேர்மமாக மாற்றும். ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூடுதலாகும்.

ரத்தசோகை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பாலிஃபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.