நம்ம ஆள் சொன்னால் சந்தேகப்படக் கூடாதா?

கேள்வி: கே2-18பி என்ற கிரகத்தில் உயிர் இருப்பதற்கு அடையாளம் கிடைத்துவிட்டது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கண்டுபிடித்தவர் இந்தியாவில் பிறந்தவராம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சந்தேகம் கிளப்புகிறார்களே, நம்ம ஆள் சொன்னதால்தானே?
– ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: இல்லை. யார் சொல்லியிருந்தாலும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். வரவும் வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதனின் குழு 2025 ஏப்ரலில் சொன்னது, உங்களுக்கு வந்த செய்தியைவிட எவ்வளவோ நிதானமானது. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் கிரகத்தின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு, அல்லது அதைப் போன்ற இன்னொரு வாயு இருப்பதற்கான அறிகுறி தெரிகிறது என்றார்கள். அந்த அறிகுறி தற்செயலாக வந்திருக்க 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும், உறுதி செய்ய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் தேவைப்படலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் அதெல்லாம் உதிர்ந்துவிட்டது.

அந்த வாயுமேல் ஏன் இத்தனை ஆசை? பூமியில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கடலில் மிதக்கும் நுண்பாசிகள். உங்கள் ஊர் சில்வர் பீச்சில் வீசும் கடல் வாடையிலும் அதற்குப் பங்குண்டு. செய்தியைப் படித்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் பாசி இல்லாமலும் அது உண்டாகும். ரோசெட்டா விண்கலம் ஆராய்ந்த 67பி வால்நட்சத்திரத்திலேயே அது இருந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வாயுக் கலவைமேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியும் உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதோடு, அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது அந்த வாயு உறுதியாகத் தென்படவில்லை.

இதே கிரகத்தில் முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2019இல் ஹபிள் தொலைநோக்கியின் தரவை வைத்து அங்கே நீராவி இருப்பதாக அறிவித்தார்கள். அதைச் சொன்னது மதுசூதன் குழு அல்ல. 2023இல் ஜேம்ஸ் வெப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தவை மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும்தான். முன்பு நீராவி என்று எண்ணியது மீத்தேனாக இருக்கலாம் என்று ஆயிற்று. அதைக் கண்டது மதுசூதன் குழு. அன்று அவர்கள் மற்றவர்களின் முடிவைச் சோதித்தார்கள். இன்று அவர்கள் முடிவை மற்றவர்கள் சோதிக்கிறார்கள். இதில் பிறந்த நாட்டுக்கு என்ன வேலை?

இன்னொன்று. கிரகம் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது அதன் காற்றுக்குள் புகுந்து வரும் ஒளியைத்தான் அளக்கிறார்கள். 1761இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது விளிம்பில் ஓர் ஒளி வளையத்தைக் கண்டு, வெள்ளிக்குக் காற்று மண்டலம் உண்டு என்று ரஷ்யாவின் லொமனோசோவ் சொன்னதும் இப்படிப் பார்த்துத்தான். அதே கடப்பை அளக்கப் புதுச்சேரிக்குக் கிளம்பிய பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டில், ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியாமல் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்து, புதுச்சேரியிலேயே கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மறைத்துவிட்டது. பார்க்காததைப் பார்த்ததாக அவர் எழுதவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, அங்கே உயிர் இருக்கலாமா? இருக்கலாம். ஆனால் பூமியைப்போல எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள அந்தக் கிரகத்தில் கடல் இருக்கிறதா, கால் வைக்கத் தரையாவது இருக்கிறதா என்பதே இன்னும் முடிவாகவில்லை. கடலே உறுதியாகாதபோது அதில் பாசி இருக்கிறது என்று குழுவில் பரப்பாதீர்கள். மறுஆய்வுகள் சொன்னதையும் அதே குழுவில் போடுங்கள்.