ஆற்றுச் சேறு கடலில் எங்கே போய்ச் சேர்கிறது? – கேள்வி பதில்

போன ஞாயிறு சிங்கப்பூரின் சாங்கி கடற்கரையில் நடந்துவிட்டுக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தபோது தொடங்கிய பேச்சு இது. அப்புறம் கேள்விகள் குவிந்துவிட்டன. கடலடி அளக்கும் படகில் பத்தொன்பது வருடம் சேறு அள்ளியவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணே, சாங்கியில் தூண்டில் போடுகிறவன் நான். பெருமழைக்கு மறுநாள் கடலில் கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கம் தேத்தண்ணி நிறம், மறுபக்கம் பச்சை. சேறு கனம்தானே, ஏன் மேலேயே நிற்கிறது?

சேறு கனம்தான் தம்பி, ஆனால் அதைச் சுமந்து வரும் ஆற்று நீர் லேசு. ஒரு கன மீட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிலோ என்றால், கடல் நீர் 1,025 கிலோ பக்கம் வரும். அதனால் மலேசியாவிலிருந்து வரும் ஜோகூர் ஆற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி பரவுகிறது. அது கீழே அமிழ வேண்டுமானால் கன மீட்டருக்கு 40 கிலோ அளவுக்கு மண் கலந்திருக்க வேண்டும். சீனாவின் மஞ்சள் ஆறு போன்றவற்றுக்குத்தான் அந்தக் கனம் உண்டு. நீங்கள் பார்த்த கோடு இரண்டு தண்ணீரும் முட்டிக்கொள்ளும் இடம். நுரை, இலை, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே வரிசை கட்டும். மீனும் கூடும், அது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மணல் மட்டும் இவ்வளவு தூரம் வராது. ஆறு வேகம் இழக்கும் முகத்துவாரத்திலேயே உட்கார்ந்துவிடும்.

சார், மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். களிமண் துகள் அவ்வளவு பொடியாக இருந்தால் எப்படித்தான் கீழே இறங்கும் என்று கேட்கிறாள்.

நல்ல கேள்வி, அவளுக்கு ஒரு மைலோ வாங்கிக் கொடுங்கள். 0.2 மில்லிமீட்டர் மணல் பத்து மீட்டர் ஆழத்தைப் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதையே 0.002 மில்லிமீட்டர் களித்துகள் கடக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால். துகளின் அளவு பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசியாகிவிடும், அதுதான் கணக்கு. இப்படிப் பார்த்தால் எந்தக் களியும் கரைக்குப் பக்கத்தில் தங்கவே கூடாது. ஆனால் தங்குகிறது.

ஊரில் பாட்டி கலங்கல் தண்ணீர்க் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பாரே, நினைவிருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் கலங்கல் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் படியும். கடலில் அந்த வேலையை உப்பு செய்கிறது. களித்துகள்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே வகை (நெகட்டிவ்) மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். உப்புத் தண்ணீர் பட்டதும் அந்தத் தள்ளல் அடங்கிப்போகிறது. முட்டிக்கொண்டவை ஒட்டிக்கொள்கின்றன, நுண்ணுயிர்களின் பிசின் வேறு சேர்ந்துகொள்கிறது. இப்படித் திரண்ட திரி நொடிக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று இறங்கும். ஒரு மாதம் ஆக வேண்டிய பயணம் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படிந்தால் கதை முடிந்தது, அப்படித்தானே?

இல்லை. எல்லாரும் தப்பாக நினைப்பது இங்கேதான். சேற்றுக்கு முதல் படிவு ஓர் இரவுத் தங்கல் மாதிரி. அடுத்த நீரோட்டம் வந்தால் எழும், அடுத்த புயலலையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். கண்டத்திட்டு, அதாவது கரையை அடுத்து ஆழம் குறைவாக நீளும் கடலடி, முழுக்க இதே நடைதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் கலிபோர்னியாவின் ஈல் ஆறு. 1995இல் பெருவெள்ளம் வந்தது. மேலே மிதந்த கலங்கல் கரையை ஒட்டியே ஓடியது. ஆனால் புதுச் சேற்றை ஆய்வாளர்கள் கண்டதோ இன்னும் வெளியே, 70 மீட்டர் ஆழத்தை ஒட்டி. மிதந்து போகாத சேறு அங்கே எப்படிப் போனது? கரையோரம் இறங்கிய சேற்றை அலைகள் உறையவிடாமல் கலக்கிக்கொண்டே இருந்தன. அது தரையை ஒட்டி இட்லி மாவு பதத்தில், சரிவில் தானாகவே வழிந்து போயிருந்தது. மேலே இருந்து எவ்வளவு படம் எடுத்தாலும் இது தெரியாது.

அமேசான் கதை இன்னும் பெரிது. ஆண்டுக்கு 100 கோடி டன் அளவுக்கு மண்ணைக் கொண்டுவரும் ஆறு அது. அதில் ஒரு பங்கு கரையோரமாகவே சூரினாம் தாண்டியும் போகிறது. பெரிய பெரிய சேற்றுத் திட்டுகள் ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நகர்கின்றன. திட்டு நிற்கும் இடத்தில் அலை அடங்கும், அது போனதும் கரை அரிக்கும். ஆலப்புழைப் பக்கம் மழைக்காலத்தில் ‘சாகரா’ வந்தால் கடல் குளம் போல ஆகுமே, அங்கேயும் அலையை அடக்குவது சேறுதான்.

புலாவ் ஹந்து தீவுப் பக்கம் முக்குளித்தால் கைநீட்டுத் தூரத்துக்கு மேல் தெரியவில்லை. இதுவும் ஆற்று வேலையா?

பெரும்பாலும் இல்லை. 1960களில் நம் தென்தீவுகளில் தண்ணீருக்குள் பத்து மீட்டர் வரை பார்வை எட்டியது. பிறகு இரண்டு மீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டது. கடலைத் தூர்த்து நிலம் சேர்த்ததும் கடலடியைத் தூர்வாரியதும் அப்போது கிளப்பிய பொடி, ஏற்றவற்றம் ஓடும் ஒவ்வொரு முறையும் எழுந்து எழுந்து படிகிறது. வெளிச்சம் குறைந்ததால் பவளம் ஆழத்தில் வளர முடியாமல் மேலேயே நின்றுவிட்டது.

மே முதல் செப்டம்பர் வரை தண்ணீர் பழுப்பாக இருந்தால் அது வேறு விஷயம். சுமத்ராவின் கரிச்சதுப்புகளிலிருந்து, அதாவது இலைதழை மட்கிக் குவிந்த சதுப்புகளிலிருந்து, வரும் சாயம் அது. தேத்தூள் சாயம் மாதிரி கரைந்தது, துகள் இல்லை. எத்தனை நாள் வைத்தாலும் அடியில் படியாது.

கடற்பாலத்தால் சேற்றுக்கு ஏதாவது?

சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் அந்தப் பாலம் தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கரை மாதிரி. 1924இல் திறந்ததிலிருந்து ஜோகூர் ஜலசந்தி இரண்டாகத்தான் இருக்கிறது. கிழக்குச் சேறு கிழக்கில், மேற்குச் சேறு மேற்கில்.

பூம்புகார்ப் பக்கம் எங்கள் ஊர். கடல் உள்ளே வருகிறது. காவிரி மண் எங்கே போச்சு?

அலை கரையை அரிப்பது எப்போதும் நடப்பதுதான். அதை ஈடுகட்ட ஆறு புது மண் போட வேண்டும். 1934இல் மேட்டூர் அணை வந்தது, மேலே இன்னும் அணைகள் வந்தன. தேங்கிய தண்ணீரில் மண் அங்கேயே படிந்துவிடுகிறது. மிச்சத்தை மணல் லாரி கொண்டுபோகிறது. வரவு நின்றுபோன கணக்கில் செலவு மட்டும் நிற்குமா? காரணம் இது ஒன்றே என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

அண்ணே, காலாங் பக்கம் எம்ஆர்டி ரயில் சுரங்க வேலையில் இருக்கிறேன். சாம்பல் நிறக் களி, வெண்ணெய் மாதிரி. உள்ளே சிப்பி வருகிறது. நடுவில் மட்டும் ஒரு கெட்டி அடுக்கு. ஏன்?

நீங்கள் தோண்டுவது பழைய கடலடி. மேலே ஒரு கடற்களி, கீழே அதைவிடப் பழைய கடற்களி, இரண்டுக்கும் நடுவே அந்தக் கெட்டி அடுக்கு. சுமார் 20,000 வருடங்களுக்கு முன் பனியுகத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. இங்கிருந்து போர்னியோ வரை நடந்தே போகலாம். கீழ்க்களியின் மேற்பரப்பு அப்போது வெயிலில் காய்ந்து இறுகியது. பிறகு கடல் ஏறி வந்து, கடந்த 10,000 வருடங்களில் மேலே புதிதாகச் சேற்றைப் போர்த்தியது. அடுத்த முறை அந்த நடு அடுக்கு வரும்போது நிறத்தைப் பாருங்கள், சிவப்பும் மஞ்சளும் திட்டுத்திட்டாக இருக்கும். காற்றுப்பட்டுத் துருவேறிய இரும்பு அது.