திருச்சபைகள் கிறிஸ்தவ உபதேசத்தைச் சபையாருக்குப் போதுமான அளவு கற்றுக்கொடுக்கின்றனவா?

நான் பார்த்த அளவில், இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பன்னிரண்டு வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை விளக்கும்போது தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உதாரணம் சொல்வோம். எனக்கும் சிறுவயதில் அதைத்தான் சொன்னார்கள். போன வருடம், திருவிருந்தில் சேர்வதற்குமுன் பிள்ளைகளைத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, உருகிட்டா அது பனிக்கட்டி இல்லையே. அப்போ இயேசு ஞானஸ்நானம் எடுத்தப்ப வானத்துலேர்ந்து பேசினது யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தேன். ஒரே கடவுள் மூன்று விதமாக மாறித் தோன்றுகிறார் என்ற கருத்து சபேலியுஸ் என்பவர் பெயரால் அறியப்படுவது. மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை தவறென்று தள்ளியது. அதைத்தான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நாம் எதை நம்புகிறோம் என்று சொல்லும் விசுவாசப் பிரமாணமும் அப்படித்தான். திருவிருந்து ஆராதனையில் நிசேயா பிரமாணத்தைப் புத்தகம் பார்க்காமலே சொல்கிறோம். குமாரன் பிதாவினால் ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல என்று அதில் ஏன் வருகிறது? அலெக்சாந்திரியாவில் அரியு என்ற குருவானவர், குமாரனும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். இன்று வீட்டுக்கு வரும் யெகோவா சாட்சிகள் சொல்வதும் கிட்டத்தட்ட அரியு சொன்னதுதான். பதிலைக் கோயிலில் மனப்பாடமாகச் சொல்கிற நம் ஆட்கள் வாசலில் நின்று விழிக்கிறார்கள். எனக்கு அதுதான் வலிக்கிறது.

ஐயர்மாரை, அதாவது போதகர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சேகரத்தில் பல சபைகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஓடுவது அவர் ஒருவர். சபையாரும் ஆறுதலான பிரசங்கத்தையும் புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தையும்தான் எதிர்பார்க்கிறோம். ஆனால் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே உபதேசம் கற்றுத்தர வந்ததுதான்: 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். வெறும் 16 பக்கம். ஆக, இதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை.

எங்கள் சபையில் இப்போது மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பிரமாணத்தை வரி வரியாகப் படிக்கிறோம். பதினைந்து பேர்போல வருகிறார்கள், பாதிப் பேர் வயதானவர்கள். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையும் வருகிறாள். இன்னும் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பகுதிக்கு வரவில்லை.