ஹாலோவீன் என்றால் என்ன? அன்று ஏன் பேய் வேஷம் போடுகிறார்கள்?

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 இரவு. மறுநாள், நவம்பர் 1, கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்தைய மாலை என்பதே பெயரின் பொருள்.

பேய் எங்கிருந்து வந்தது? அயர்லாந்தின் பழைய குடிகளான கெல்டியர்களுக்கு அறுவடை முடிந்து இருண்ட குளிர்காலம் தொடங்கும் சந்தி அது. அன்று ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். முகமூடி போட்டால் அவற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாதாம். அன்று வைக்கும், முகம்போலக் குடைந்த பூசணி விளக்கும் அப்படித்தான்: சோளக்கொல்லைப் பொம்மை காக்கையை விரட்டுவதுபோல, குடைந்த கோர முகம் ஆவியை விரட்டும். முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை (கல் மாதிரி இருக்கும், பாவம்!). அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்களுக்குக் குடைய எளிதான பூசணி கிடைத்தது.

பலர் நினைப்பதுபோல இது சாத்தானைக் கும்பிடும் நாள் அல்ல. இன்று பெரும்பாலும் குழந்தைகள் வேஷம் கட்டி வீடுவீடாக மிட்டாய் வாங்கும் இரவு.